“ஒரிஜினலா அக்கா?” ஜவ்வாது மலையில் கேட்ட கேள்வியும் உடன்குடி அடுப்பில் கிடைத்த பதிலும்

மேப்பிள் சிரப் தெரியும். அதே மாதிரி மரத்திலிருந்து நீர் இறக்கி, காய்ச்சி எடுக்கும் நம்ம ஊர் இனிப்பு எப்படி உருவாகிறது தெரியுமா? ஒரு கிலோ கருப்பட்டிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது!

பொங்கல் முடிந்த வாரம் அது. அலுவலக நண்பர்கள் ஆறு பேர் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். ஜமுனாமரத்தூரில் காலை எட்டு மணிக்கும் ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வரவில்லை. தங்கியிருந்த விடுதியில் காலை உணவுக்கு இட்லி, பொங்கலோடு பான்கேக்கும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில். முன்பக்கம் பெரிய சிவப்பு மேப்பிள் இலை.

“மச்சி, மேப்பிள் சிரப்டா! கனடா ஐட்டம்” என்று நண்பன் அரை பாட்டிலைக் கவிழ்த்தான். நான் சும்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது இதுதான்: குளுக்கோஸ் சிரப், சர்க்கரை, தண்ணீர், கேரமல் நிறம், செயற்கை மேப்பிள் மணம். மேப்பிள் மரத்துக்கும் அந்தப் பாட்டிலுக்கும் இருந்த ஒரே உறவு, முன்னால் ஒட்டியிருந்த அந்த இலைப் படம் மட்டும்தான்!

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் மலையைச் சேர்ந்த ஓர் அக்கா சாமை, புளி, தேன் பாட்டில்களோடு உட்கார்ந்திருந்தார். காரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் தேன் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தது. “ஒரிஜினலா அக்கா? சீனிப்பாகு எல்லாம் இல்லையே?”

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரோ! விரலில் ஒரு சொட்டு விட்டு, “வாயில வெச்சுப் பாரு கண்ணு” என்றார். அவர்கள் பார்த்தார்கள். ஆனாலும் வாங்காமல் போய்விட்டார்கள்.

உள்ளே இருந்த பாட்டிலை யாருமே இந்தக் கேள்வி கேட்கவில்லை. வெளியே இருந்த பாட்டிலை எல்லோரும் கேட்டார்கள். எனக்கு இது கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது. காரணம், இதே கேள்வியை என் பெரியம்மாவும் வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் விற்பது தேன் இல்லை, கருப்பட்டி. ஊர், தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு தேரிக்காட்டுக் கிராமம்.

நிஜ மேப்பிள் சிரப் எப்படி வருகிறது?

முதலில் அந்தக் கனடா கதையைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் அதுவும் நம்ம கதைதான்.

மேப்பிளில் பல வகை உண்டு. சிரப்புக்குப் பெயர் போனது ‘சுகர் மேப்பிள்’. குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் அந்த இடைப்பட்ட நாட்களில்தான், அதாவது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்குள் சில வாரங்கள் மட்டும், மரத்திலிருந்து நீர் இறங்கும். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ராத்திரி தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டும். பகலில் உறைநிலைக்கு மேலே வெயில் ஏற வேண்டும். இப்படி மாறி மாறி உறைந்தும் இளகியும் மரத்துக்குள் ஓர் அழுத்தம் உருவாகிறது. அப்போது தண்டில் சின்னதாகத் துளை போட்டு ஒரு குழாயைச் செருகினால், சொட்டுச் சொட்டாக நீர் வடியும்.

அந்த நீர் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். சர்க்கரை சுமார் 2 சதவிகிதம்தான். அதைக் கொதிக்கவைத்து, கொதிக்கவைத்து, தண்ணீரை ஆவியாக்கினால்தான் சிரப். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட சுமார் 4 டிகிரி செல்சியஸ் மேலே போனதும் பதம் வந்துவிட்டது என்று இறக்குகிறார்கள். 1 லிட்டர் சிரப்புக்கு சுமார் 40 லிட்டர் நீர் வேண்டும். மரத்தில் மொட்டு விடத் தொடங்கினால் நீரின் ருசி மாறிவிடும். சீசன் முடிந்தது.

ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் இந்த இனிப்பை எடுத்து வந்தார்கள். இன்று உலகின் மேப்பிள் சிரப்பில் பத்தில் ஏழு பங்கு கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. அங்கே எண்ணெய்க்கு இருப்பு வைப்பதுபோல சிரப்புக்கும் கிடங்கில் இருப்பு வைக்கிறார்கள். 2011-12-ல் அந்தக் கிடங்கிலிருந்து சுமார் 3,000 டன் சிரப் திருட்டுப் போனது. மதிப்பு சுமார் 18 மில்லியன் கனடா டாலர்! பீப்பாயிலிருந்த சிரப்பை எடுத்துவிட்டு தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள்.

ஜவ்வாது மலையில் மேப்பிள் நட்டால் சிரப் வருமா? மார்கழிக் குளிர் நமக்கு எவ்வளவு நடுக்கமாக இருந்தாலும், தண்ணீர் உறைவதும் மறுபடி இளகுவதுமாக வாரக்கணக்கில் நீடிக்கும் குளிர் இங்கே கிடையாது. ஆனால், குளிரே வேண்டாத, வெயிலில் நீர் இறக்கும் மரம் ஒன்று தமிழ்நாடு முழுக்க நிற்கிறது. நம்ம மாநில மரம், பனை.

விடிவதற்கு முன்னால் ஏறும் மனிதர்

பங்குனி மாதம் லீவு போட்டுவிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நான்கரை மணிக்கு எழுப்பிவிட்டார். செம்மண் தேரி, இருட்டில் கால் வைத்தால் கணுக்கால்வரை புதைகிறது. பெரியப்பாவுக்கு 61 வயது. இடுப்பில் அரிவாள் பெட்டி. அதற்குள் பாளை சீவும் அரிவாள். ஒரு பக்கம் சுண்ணாம்பு. காலுக்குத் தளைநார்.

“நீ கீழேயே நில்லு பிள்ள. மேல பாத்து வாயப் பொளந்துட்டு நிக்காத, மட்ட கிட்ட விழும்” என்றுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பாதி மரம் ஏறிவிட்டார்.

பனையில் நீர் தண்டிலிருந்து வருவதில்லை, பாளையிலிருந்து வருகிறது. பாளை என்றால் பனையின் பூங்கொத்து. ஆண் பனை, பெண் பனை இரண்டிலுமே பதநீர் இறக்கலாம். பூக்கவும் காய்க்கவும் மரம் அனுப்பும் சத்துநீரைத்தான் நாம் வழியில் வாங்கிக்கொள்கிறோம். ஆனால், சும்மா வெட்டினால் வடியாது. பாளையை மரக் கிட்டியால் நாள் கணக்கில் பதமாக நசுக்கிப் பழக்க வேண்டும். பிறகு நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்ட வேண்டும். சீவிய இடம் சில மணி நேரத்தில் அடைபட ஆரம்பித்துவிடும். அதனால் காலையும் மாலையும் ஏறி, திரும்ப ஒரு மெல்லிய சீவல். ஒருநாள் விட்டாலும் பாளை ஏமாற்றிவிடும். கல்யாணம், காய்ச்சல் எதுவும் பனைக்குத் தெரியாது.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இனிப்பான நீர் வெளியே வந்த நிமிஷத்திலிருந்தே காற்றில் இருக்கும் ஈஸ்ட் அதில் வேலையை ஆரம்பித்துவிடும். புளித்தால் அது கள். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த ஈஸ்ட்டை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிவது பதநீர். தடவாத கலயத்தில் வடிவது கள். இரண்டும் ஒரே மரம், ஒரே பாளை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பதநீருக்குத் தடை இல்லை. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு எரியும். அந்த அளவை எந்தக் கரண்டியிலும் அளக்க முடியாது. பெரியப்பா ஆள்காட்டி விரலால்தான் அளக்கிறார்.

விடிந்ததும் பனையோலைப் பட்டையில் ஊற்றி ஒரு வாய் கொடுத்தார். சில்லென்று, இனிப்பாக, கடைசியில் லேசாகப் புகை வாசம். பான்கேக்கில் ஊற்றிய அந்தப் பாட்டிலை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது.

தினமும் ஒரு காவலூர்

அன்றைக்குப் பெரியப்பா ஏறிய மரங்களை எண்ணினேன். முப்பது. காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, ஆக அறுபது ஏற்றம். ஒரு மரத்துக்குச் சராசரியாக நாற்பது அடி என்று வைத்தால், ஒரு நாளைக்கு 2,400 அடி.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஜவ்வாது மலைதான் ஞாபகம் வந்தது. அங்கே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, அது கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அடிக்கணக்கில் சுமார் 2,400. நாங்கள் காரில் கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, இரண்டு இடத்தில் நிறுத்தி ஏறிய உயரம் அது. பெரியப்பா அதைத் தினமும் கையையும் காலையும் மட்டும் நம்பி ஏறி இறங்குகிறார். சீசன் முழுக்க. தை, மாசியில் தொடங்கினால் ஆடி, ஆவணிவரை.

மேப்பிளில் யாரும் ஏற வேண்டாம். இடுப்பு உயரத்தில் துளை. இப்போது பெரிய தோப்புகளில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் போட்டு, பம்ப் வைத்து உறிஞ்சி, நேராக ஆலைக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பாடு அடுப்பில். நமக்கு மரத்திலும் பாடு, அடுப்பிலும் பாடு.

பெரியம்மாவின் அடுப்பு

காலை எட்டு மணிக்கு விளை ஓரத்து ஓலைக் குடிசையில் அடுப்பு பற்றிக்கொள்கிறது. பெரியம்மா பதநீரைத் தெளியவைத்து வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஊற்றுகிறார். விறகு, காய்ந்த பனை மட்டை, ஓலை எல்லாம் உள்ளே போகிறது. பனை தந்த நீரைப் பனையே எரிந்து காய்ச்சுகிறது.

“அங்கன நின்னு போன்ல என்ன படம் பிடிக்க? அந்த மட்டய எடுத்து உள்ள தள்ளு” என்று எனக்கும் வேலை வந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆவிதான் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் திடீரென்று நுரை பொங்கிக்கொண்டு மேலே வரும். அப்போது பெரியம்மா இடித்து வைத்திருந்த ஆமணக்கு முத்துப் பொடியை ஒரு சிட்டிகை போட்டார். பொங்கிய நுரை அப்படியே அடங்கிவிட்டது. அதிலிருக்கும் எண்ணெய் செய்யும் வேலை அது. மேப்பிள் காய்ச்சும் இடங்களிலும் நுரையடக்க இதேபோல் துளி வெண்ணெயோ எண்ணெயோ விடுவார்கள். இரண்டு கண்டத்தில் இரண்டு பாட்டிகள் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள்!

நிறம் மெல்ல மாறும். தண்ணீர் நிறம் போய், தேநீர் நிறம் போய், தேன் நிறம் வரும். இந்த இடத்தில் கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று இறங்கும். நெல்லை, குமரிப் பக்கம் இதைக் கூப்பனி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பனம்பாணி. அங்கே இன்னும் கொஞ்சம் இறுக்கி, சின்ன ஓலைக் குட்டான்களில் ஊற்றிப் பனங்கட்டி ஆக்குவார்கள். இலங்கையின் மலைப் பகுதிகளில் கித்துள் என்ற இன்னொரு பனைவகையிலிருந்து இதேபோல் பாணி காய்ச்சுகிறார்கள். நீங்கள் தேடும் ‘நம்ம ஊர் மேப்பிள் சிரப்’ சரியாக இந்தப் பதம்தான். ஆனால், பெரியம்மா இங்கே நிறுத்துவதில்லை.

இன்னும் காய்ச்சுகிறார். இப்போது கை நிற்காமல் துடுப்பால் கிண்டியாக வேண்டும். அடிபிடித்தால் மொத்தமும் கசந்துவிடும். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாகைச் சொட்டுவிட்டு, விரலால் கூட்டிப் பார்க்கிறார். உருண்டையாகத் திரண்டதும், பாத்திரத்தை இறக்கி, கொஞ்ச நேரம் விடாமல் கிண்டி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றுகிறார். இறுகியதும் கவிழ்த்துத் தட்டினால் அரைப்பந்து மாதிரி கருப்பட்டி. இதே பாகில் சுக்கு, மிளகு சேர்த்தால் சில்லுக் கருப்பட்டி. கூப்பனியைப் பானையில் ஊற்றி, நூல் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலில் பனங்கற்கண்டு கட்டும்.

காலையில் வந்த பதநீர் சுமார் 60 லிட்டர். மதியம் எடை போட்டோம். ஆறரை கிலோ.

இப்போது கணக்குக்கு வருவோம்

பதநீரில் சர்க்கரை மேப்பிள் நீரைப்போல ஐந்தாறு மடங்கு, சுமார் 12 சதவிகிதம். அதனால் 1 கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் போதும். போதும் என்று சொல்கிறேன், ஆனால் அந்தப் பத்து லிட்டர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நல்ல பாளை இருக்கும் மரம் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் தரும். ஆக, ஒரு கிலோ கருப்பட்டிக்கு நான்கைந்து மரம், எட்டுப் பத்து ஏற்றம், மூன்று, நான்கு மணி நேர அடுப்பு.

இதை வைத்து நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சாலையோரம் பதநீர் குடித்திருப்பீர்கள். லிட்டருக்கு 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 8 லிட்டருக்கு 320, 10 லிட்டருக்கு 400. இது விறகும் கூலியும் சேர்க்காத விலை. அப்படியானால் 200 ரூபாய்க்கு ‘சுத்தமான பனங்கருப்பட்டி’ எப்படிக் கிடைக்கிறது?

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீனி. கடையில் கிலோ 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கொஞ்சம் பதநீர் அல்லது பழைய கருப்பட்டிக் கழிவைக் கரைத்து, அதில் சீனியை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் காய்ச்சினால் அரை நாளில் டன் கணக்கில் ‘கருப்பட்டி’ தயார். உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைகளில் இப்படிப்பட்ட சரக்கு பிடிபடுவது அவ்வப்போது செய்தியாக வருகிறது. மரத்தில் பதநீரே இல்லாத ஐப்பசி, கார்த்திகையிலும் கடைகளில் ‘இன்று காய்ச்சிய கருப்பட்டி’ எப்படி வருகிறது என்று யோசித்தாலே புரிந்துவிடும்.

இதில் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் இல்லை. சீனிக் கருப்பட்டி சந்தையில் ஒரு விலையைப் பழக்கிவிடுகிறது. வியாபாரி அந்த விலையைச் சொல்லித்தான் பெரியம்மாவிடம் பேரம் பேசுகிறார். நிஜ சரக்கு வைத்திருப்பவர்தான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது.

“வாங்க வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்காவ, இது ஒரிஜினலான்னு. கேக்கட்டும், தப்பில்ல. ஆனா விலையச் சொன்னதும், அங்கன பாதி விலைக்குக் கிடைக்குதேங்காவ. அப்பதான் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும்” என்றார் பெரியம்மா, சிரட்டையைக் கழுவிக்கொண்டே.

மரம் இருக்கிறது... ஏற ஆள்?

தமிழ்நாட்டில் கோடிக்கணக்கில் பனைகள் நிற்கின்றன. ஆனால், பெரியப்பா ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒருவர் பனையேறியாக இருந்த தெருவில் இன்றைக்கு மரம் ஏறுவது நான்கே பேர். நால்வருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். என் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பெரியப்பாவே அவனை ஏற விடவில்லை. “ஒரு தடவ கை வழுகிச்சுன்னா முடிஞ்சுது. என்னோட போகட்டும்” என்பார். அவர் நெஞ்சிலும் தொடையிலும் மரம் உரசிக் காய்த்துப்போன தோலைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பேச்சை மறுத்துப் பேச வராது.

அரசு தரப்பில் சில நல்ல விஷயங்கள் நடந்திருக்கின்றன. 2021-ல் தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுப்பது அதன் திட்டம். பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அறிவித்தார்கள். பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், இன்று ஊன்றும் பனங்கொட்டை பாளைவிட 15, 20 வருஷம் ஆகும். அன்றைக்கு அதில் ஏற யாராவது இருக்க வேண்டும் என்றால், இன்றைக்கு ஏறுகிறவருக்குக் கட்டுப்படியான விலை கிடைக்க வேண்டும். பாதுகாப்பாக ஏறும் கருவியும், விழுந்தால் குடும்பம் தாங்கும் காப்பீடும் வேண்டும். இவை இல்லாமல் மரம் மட்டும் நின்றால், நிழல்கூடப் பெரிதாகத் தராத மரம் அது!

கனடாவில் ஒரு பாட்டிலில் ‘மேப்பிள் சிரப்’ என்று எழுதினால், உள்ளே மேப்பிள் நீரைக் காய்ச்சிய பாகு மட்டும்தான் இருக்க வேண்டும். அது சட்டம். சோள சிரப்பில் மணம் சேர்த்ததற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. பெயரைக் காப்பாற்றியதால் விலை நின்றது. விலை நின்றதால் தோப்பு நின்றது. உடன்குடி என்ற பெயருக்கும் இப்போது சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. அதைக் கடை அலமாரிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

கருப்பட்டி வாங்கும்போது...

* முதலில் விலையைப் பாருங்கள். மேலே சொன்ன 8 முதல் 10 லிட்டர் கணக்கைப் போடுங்கள். கணக்கு இடித்தால் கருப்பட்டியிலும் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம்.

* நிறம், பளபளப்பு, தண்ணீரில் கரையும் வேகம் என்று ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். அவற்றை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் தீர்க்க ஆய்வகம்தான் வழி.

* முடிந்தால் சீசனில், பங்குனி முதல் ஆடிக்குள், காய்ச்சுகிறவர்களிடமே நேரடியாக ஒரு வருஷத்துக்கு வாங்கி, ஈரம் படாமல் பானையிலோ டப்பாவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

* சர்க்கரை நோயாளிகள் கவனிக்க! கருப்பட்டியின் பெரும்பகுதியும் சர்க்கரைதான். ‘கருப்பட்டிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்பது தவறு. டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ‘நம்ம ஊர் சிரப்’

கருப்பட்டி கால் கிலோ, தண்ணீர் அரை டம்ளர், இடித்த சுக்கு ஒரு சிட்டிகை. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் கரையவிடுங்கள். கரைந்ததும் துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் இருக்கும். மறுபடி அடுப்பில் வைத்து, தேன் மாதிரி இறங்கும் பதத்தில் சுக்கு போட்டு இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் கொஞ்சம் முன்பே இறக்குவது நல்லது. தோசை, ஆப்பம், பணியாரம் எதற்கும் ஜோடி. குழந்தைகள் பான்கேக் கேட்டால் அதற்கும்!

*

ஊரிலிருந்து கிளம்பும்போது பெரியம்மா ஓலைப்பெட்டியில் இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார். பணம் கொடுத்தேன். “பெத்த பிள்ளகிட்ட வாங்குவாவளா?” என்று கையைத் தட்டிவிட்டார். நான் விடவில்லை. முப்பது மரம், அறுபது ஏற்றம் என்று நானே எண்ணிய பிறகு சும்மா வாங்க எப்படி மனசு வரும்?

அதில் ஒரு கிலோவை வீட்டில் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஜவ்வாது மலைக்குப் போகும்போது அது பையில் இருக்கும். பான்கேக்குக்கு அதுதான். சாப்பிட்டு முடித்ததும் கேட்டுக்கு வெளியே இருக்கும் அந்த அக்காவிடம் போவேன். தேனை எப்போது எடுத்தீர்கள், எந்தப் பக்கக் காட்டில் எடுத்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பேன். அவர் சொல்லும் விலைக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வருவேன்.